என் சேலைக் கரையில் பதினேழு அடையாளம்

உள்ளே வாங்க மேடம். அந்த ஸ்டூலில் உட்காருங்க, ஃபேனுக்குக் கீழே. கட்டிலில் குழந்தை தூங்குகிறாள். எழுந்தால் உங்களைப் பார்த்து அழுவாள், தப்பாக நினைக்காதீங்க. புது ஆள் என்றால் அவளுக்கும் என்னைப் போலவே கூச்சம்.

தண்ணீர் குடிக்கிறீங்களா? லாரித் தண்ணீர்தான், காய்ச்சி ஆற வைத்தது. அரை டம்ளர் போதுமா? சரி.

நீங்க எதற்கு வந்திருக்கீங்க என்று தெரியும். சுவர்ப் படத்தில் கிறுக்கினது யார், அதுதானே? காலையிலிருந்து நீங்க வீடு வீடாக ஏறி இறங்கினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் என் வீட்டைத்தான் கை காட்டியிருப்பார்கள். குணா அக்கா கட்டாயம் காட்டியிருப்பாள்.

அந்தப் பேப்பரை அப்புறம் கொடுங்க. நான் அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் எதிரே ஆள் இருந்தால் எழுத்தெல்லாம் ஓடிவிடும். முதலில் நான் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒருத்தரிடம் உட்கார்ந்து நான் பேசினதே கிடையாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினால் கோபித்துக்கொள்ளாதீங்க.

ஆமாம், சுவரில் இருக்கிறது நான்தான். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மூன்று மாடி உயரம், பச்சைச் சேலை, இடுப்பில் குழந்தை. அவளுக்குக் காதில் ஜிமிக்கி. எனக்கு இதோ, வேப்பங்குச்சிதான். அவளுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை. 'சுவத்துக்கு அது வேணும்க்கா' என்றாள் படம் போட்ட பெண். மிருது என்று பேர்.

உங்களுக்கு அந்தச் சுவரை வெள்ளை அடித்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் அது எங்கள் பிளாக்கின், எங்கள் என்று சொல்கிறேன் பாருங்க, அந்த பிளாக்கின் தண்ணீர்ச் சுவர்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி வரும். சுவரடியில் இருக்கிற கறுப்புத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விடும். வீட்டுக்கு அஞ்சு குடம். ஆனால் எல்லா வீட்டுக்கும் எட்டாது. பதிமூன்று, பதினாலு வீடு பிடித்ததும் குழாய் இரும ஆரம்பிக்கும். கடைசியில் நிற்கிறவர்களுக்குக் காற்றுதான். அதனால் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு முதலில் பிடித்தவர் அடுத்த லாரிக்குக் கடைசி, மற்றவர்கள் ஒரு இடம் முன்னால் வருவார்கள். இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? சுவர் வைத்துக்கொண்டது.

தொட்டிக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில், கரியால் வீட்டுக்கு ஒரு அடையாளம். பெயர் எழுதினால் படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் படம்தான். தையல்காரர் வீட்டுக்குக் கத்தரிக்கோல். மீன் விற்கிற ரோஸ்லினுக்கு மீன்முள். ஆட்டோக்காரர் வீட்டுக்கு மூன்று சக்கரம். கீழே இட்லிக் கடை போட்டிருக்கிறாளே குணா அக்கா, அவளுக்கு ஒரு பெரிய வட்டத்துக்குள் ஏழு சின்ன வட்டம், இட்லித் தட்டு. அன்றைக்கு யாரில் ஆரம்பமோ அவர் அடையாளத்துக்கு மேலே சாக்பீஸில் ஒரு புள்ளி. பிடித்து முடித்ததும் அவரே அந்தப் புள்ளியை அழித்துவிட்டு அடுத்த அடையாளத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போகணும். அந்தப் புள்ளியை மீறி ஒருத்தி குடம் வைத்து நான் பார்த்ததில்லை. வாயால் ஊரைக் கிழிக்கிறவர்கள்கூட அந்தப் புள்ளிக்குக் கட்டுப்பட்டார்கள்.

வீடு பதினெட்டு, அடையாளம் பதினேழு. அந்தப் பதினெட்டாவது வீடுதான் இது. சொந்தக்காரர் ரொம்ப நாள் பூட்டி வைத்துவிட்டு எங்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகைக்கு வந்தவளுக்குச் சுவரில் இடம் கிடையாது, அது வழக்கம். எல்லோரும் பிடித்து மிச்சம் இருந்தால் எனக்கு. மிச்சம் எப்போது இருந்திருக்கிறது? கல்யாணமாகி சோளிங்கரிலிருந்து நேராக இந்த வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷம், லாரி வந்த நாளெல்லாம் கடைசியில் நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறே எங்கே பார்ப்பது? ஆளைப் பார்த்தால் எனக்குக் கூச்சம்.

தர்ஷி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஒருநாள் குணா அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி தாச்சு, டெய்லி சொவுத்தப் படிச்சிப் பாஸாவப் போறியா? ரெண்டு கொடத்தக் கொண்டாந்து என் தட்டுக்குக் கீழ வையி." அவளுடைய அஞ்சில் இரண்டு எனக்கு. மாவு அரைக்க, பாத்திரம் கழுவ, அவளுக்கே பத்தாது. நான் பிரசவம் முடிந்து வந்த பிறகு ஒன்றரை மாசம் என் குடத்தையும் அவள்தான் மாடி ஏற்றினாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "பொட்டப் புள்ளைய பெத்துக்கினு எனுக்கு வேல வெக்கிறா பாரு" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே தர்ஷியைத் தூக்கிக்கொள்வாள்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் என்றால் சுவரில் படம் போட வைக்கிற உங்கள் ஆட்கள். ஒரு சார் வந்து எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். படத்தை எங்கேயோ வரைந்து கொண்டுவந்து ஒட்டப்போவதில்லை, இந்த இடத்திலிருந்தே அது பிறக்கணும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது போல. "பொறக்கறது மேல பொறக்கட்டும் சார். கீழ ஆளுயரத்துக்குக் கைய வெக்காதீங்க, அது எங்க தண்ணி முறை" என்றாள். அந்த சார் தலையாட்டினார். அவரும் என்னைப் போலத்தான் மேடம். தலையாட்டினதைப் போய் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மிருது நாலு நாள் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். ரோஸ்லின் எல்லாப் பல்லையும் காட்டினாள். ஆட்டோக்காரர் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா, "என் மூஞ்சப் போட்டா இந்தச் சொவுரு பத்தாது கண்ணு, பக்கத்து பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கோ" என்றாள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் என்னைத்தான் எடுத்துக்கொண்டாள். என் முகத்தில் ஒரு அமைதி இருக்கிறதாம். தர்ஷிக்குப் பல் முளைக்கிற சமயம், மூன்று நாளாக நான் தூங்கவில்லை. அதைத்தான் சொன்னாளோ என்னவோ.

"நீங்க இங்கயே பொறந்து வளந்தவங்களாக்கா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். இல்லை என்று ஆரம்பித்தால் ஊர், பேர், எல்லாம் சொல்லணும். தலையாட்டினால் முடிந்துவிடும். கீழே பலகையில் 'மூன்று தலைமுறையாக இந்த மண்ணைச் சுமக்கும் பெண்' என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை நான் சொல்லவில்லை மேடம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாரம் கட்டி, வெள்ளை அடிக்கிற அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். பெண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் தர்ஷியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். மிருது ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்தக் கரிக் கிறுக்கலெல்லாம் யாருக்காச்சும் வேணுமாக்கா? கொழந்தைங்க போட்டதா? உங்க பாதம் சரியா இங்கதான் வரும்."

நான் சிரித்தேன்.

அவ்வளவுதான் மேடம். சிரித்தேன். சிரித்தால் சரி என்றா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. வேண்டும் என்று சொல்லியிருக்கலாம், சொல்லலாம்தான். ஆனால் அவள் ரோலரைத் தூக்கிவிட்டாள், பெயிண்ட் சொட்டுகிறது, பாவம், எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள்? சுவரடியில் நாலைந்து குடம் இருந்தது. பெயிண்ட் படக்கூடாதே என்று அதை மட்டும் நான் ஓரமாக எடுத்து வைத்தேன். ரோலர் ஒரு தடவை போனது, பதினேழு வீடும் போய்விட்டது.

மறுநாள் லாரி. புள்ளி முந்தின தடவையே அக்காவின் இட்லித் தட்டுக்கு மேலே வந்திருந்தது. அவள்தான் முதல். குடத்தோடு வந்து பார்க்கிறாள், சுவர் வெள்ளையாக இருக்கிறது. யாரில் ஆரம்பம்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "போன தபா எனுக்குக் காத்துதான் வந்துச்சி, இன்னிக்கி நான்தான்" என்று ரோஸ்லின் குடத்தைப் போட்டாள். தையல்காரர் மனைவி அதைக் காலால் தள்ளினாள். ஒரே கூச்சல். அப்போது அக்கா என்னைப் பார்த்தாள். எல்லோரையும் கையமர்த்திவிட்டு, "இருங்கடி. இவதான் ரெண்டு வருசமா இத்தையே பாத்துக்கினு நின்னவ. தாச்சு, நீ சொல்லு. யார்ல ஆரம்பம்?" என்றாள்.

பதினேழு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். இவள்தானே சுவரில் வரப்போகிறவள் என்று ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள். நான் தர்ஷியின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தேன். போட்டிருந்த பொத்தானையே கழற்றிக் கழற்றிப் போட்டேன். "தெரியாதா?" என்றாள் அக்கா. நான் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் யார் முதல், யார் கடைசி? முண்டினவர்களுக்குத் தண்ணீர். அந்தத் தள்ளுமுள்ளில் எனக்கும் அஞ்சு குடம் கிடைத்தது. அது நானாகப் பிடித்ததில்லை, கூட்டம் என்னைக் குழாயடிக்குத் தள்ளிவிட்டது. அக்காவுக்கு ஒரு குடம்கூட இல்லை. மறுநாள் கடை திறக்கவில்லை. வாழ்க்கையிலேயே அவள் அடுப்பு மூட்டாத ஒரே நாள் அது என்று சொன்னார்கள்.

மூன்று வாரம் மிருது வரைந்தாள். மூன்று வாரமும் லாரி வந்த நாளெல்லாம் சண்டை. நான் கீழே போனாலே, "வழி உடுங்கடி, மகாராணி வர்றாங்கோ. மூஞ்சி மூணாவது மாடியில கீது, கொடம் மட்டும் கீழ வந்துகீது" என்பார்கள். என் வீட்டுக்காரரிடம் லாரி ஷெட்டில் கூட இருக்கிறவர்கள், "ஏழுமலை, நீ எங்க குடிச்சாலும் உன் பொண்டாட்டி மேலேந்து பாக்குது" என்று கேலி செய்தார்களாம். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினார்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை மேடம். அவ்வளவு பெரிதாக யாராவது நிற்பார்களா? எதிர் பிளாக் மொட்டைமாடியில் துணி சீக்கிரம் காயும், அதனால் தினமும் அங்கே போவேன். போனால் அது நேர் எதிரே தெரிகிறது, நான் என்ன செய்ய? சாயங்கால வெயிலில் அந்த ஜிமிக்கி மட்டும் நிஜம் போலப் பளபளக்கும். துணி காய்கிற வரைக்கும் நிற்பேன்.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. கடைதான் கீழே, அவள் வீடு இதே மாடியில்; தர்ஷி தவழ்ந்துகொண்டே அவள் வாசலுக்குப் போவாள். இட்லியைப் பிட்டு ஊட்டி, வாயைத் துடைத்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, என்னைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவாள்.

போன வாரம் தர்ஷிக்கு வயிற்றோட்டம். துணி அலசித் தீரவில்லை. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி முண்டுவது? ஒரு குடம்கூடக் கிடைக்கவில்லை. காலிக் குடத்தோடு மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. திறந்தால், வாசலில் ஒரு குடம் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. இட்லித் தட்டு. படியில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவளுக்கு அன்றைக்கு இரண்டு குடம்தான் கிடைத்தது என்று அப்புறம் தெரிந்தது.

திங்கட்கிழமை தர்ஷிக்குச் சரியாகிவிட்டது. பதினோரு மணிக்குக் கீழே யாரும் இல்லை. மிருது போகும்போது ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயிண்டும் பிரஷும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "உங்க முடிக்கு வாங்கினது, மிச்சம் இருக்குக்கா. ஞாபகமா வெச்சுக்கோங்க." கட்டிலுக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

ஆமாம் மேடம். நான்தான்.

அந்தப் பச்சைச் சேலையின் கரையில், பாதத்துக்கு மேலே, முன்னால் இருந்த அதே உயரத்தில் போட்டேன். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால்தான். மீன்முள், மூன்று சக்கரம், ஏணி, சீப்பு. எதுவும் யோசிக்கவில்லை, கை தானாகப் போனது. இட்லித் தட்டுக்கு ஏழு வட்டமும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்புறம் கத்தரிக்கோல். சாக்பீஸால் இட்லித் தட்டுக்கு மேலே புள்ளி வைத்தேன், அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே.

பதினேழுதான் போட நினைத்தேன். நீங்க போட்டோவில் எண்ணியிருந்தால் பதினெட்டு இருக்கும். இட்லித் தட்டுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அது தவறி விழுந்தது இல்லை. இந்தக் காதில் இருக்கிற குச்சி. எல்லோருக்கும் கடைசியில்தான் போட்டிருக்கணும். கடைசியில் குழாய் வந்துவிட்டது மேடம், இடம் இல்லை. இட்லித் தட்டுப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

மறுநாள் லாரி வந்தது. முதலில் வந்தவள் ரோஸ்லின். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐய, வந்துட்ச்சிடி!" என்று கத்தினாள். எல்லோரும் ஓடி வந்து அவரவர் அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கோயிலில் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. ஒரு சண்டை இல்லை. வரிசையாகக் குடம் வந்து உட்கார்ந்தது. நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்கா மட்டும் குடத்தை வைக்கவில்லை. ஒவ்வொரு அடையாளமாக விரலை வைத்துக்கொண்டே நடந்து வந்தாள். இட்லித் தட்டைத் தாண்டினதும் நின்றாள். "இது யாருது, குச்சி?"



"என்னுது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் மேடம். எனக்கே அது வேறு யாரோ பேசினது போல இருந்தது.

அவள் திரும்பினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். 'குச்சிக்கும் வாய் வந்துச்சா' என்று ஏதாவது கேலி செய்வாள் என்று நினைத்தேன்.

"பதினேழும் வரிசை மாறாம கீது" என்றாள். "புள்ளி மொதக்கொண்டு வெச்சிக்கிற. அப்போ அன்னிக்கி நான் கேட்டப்ப ஒனுக்குத் தெரியும்."

நான் இதை நினைக்கவே இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதானே போட்டேன்? போட்டதும் இப்படி ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு எனக்குக் கூச்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குடத்தை வைத்து, அஞ்சையும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நானும் மேலே வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து கீழே இறங்கவில்லை. இன்றைக்கு வியாழன்.

இதுதான் நடந்தது. அவர்கள் என்னைக் காட்டிக்கொடுத்தது சரிதான். எழுதிக்கோங்க.

என்ன சொல்றீங்க?

யாருமே சொல்லவில்லையா? ரோஸ்லினுமா? அக்காவிடம் கேட்டீங்களா? இட்லிக் கடை, கொஞ்சம் பருமனாக இருப்பாளே? 'எங்குளுக்கு இன்னா தெரியும், புள்ளைங்க எதுனா கிறுக்கியிருக்கும்' என்றாளா? அப்படியேவா சொன்னாள்?

அப்படியென்றால் நீங்க எதற்கு என் வீட்டுக்கு வந்தீங்க?

ஓ. சுவரில் இருக்கிறது நான் என்பதால். கீழ்ப்பக்கம் சுரண்டி எடுத்து, மறுபடி பச்சை அடித்து, யாரும் எழுத முடியாதபடி மேலே ஒரு பூச்சு பூசுவதற்கு என் சம்மதம். அதுதானா இந்தப் பேப்பர்? ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்களா? இந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும், இல்லை என்றால் சரி என்று தலையாட்டினாலும் போதும், நீங்களே எழுதிக்கொள்வீங்க.

இல்லை மேடம்.

நான் இப்போது தலையாட்டவில்லை. தலை குனிந்துதான் இருக்கிறேன், அது வேறே. பார்த்து எழுதுங்க. வேண்டுமென்றால் மேலே இருக்கிறதை அழித்துக்கோங்க. முகத்தை எடுத்துக்கோங்க, அந்த ஜிமிக்கியை எடுத்துக்கோங்க. ரோஸ்லினைப் போடுங்க, அவளுக்கு ஆசை. மூன்று தலைமுறையும் அவளுக்கு உண்டு. சேலைக் கரையில் மட்டும் கை வைக்காதீங்க. என் முழுப்பேர் தாட்சாயணி. வேண்டாம் என்று தாட்சாயணி சொன்னாள் என்று எழுதுங்க. சத்தமாகச் சொன்னாள் என்றுகூட எழுதலாம், குழந்தை எழுந்தால் எழட்டும்.

ஹாரன் கேட்கிறதா? லாரி. நான் குடத்தை எடுக்கணும்.

மேடம், ஒரு உதவி. இந்த ஜன்னலிலிருந்து சுவர் தெரியாது. காலையில் போனில் படம் எடுத்தீங்களே, அதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்க. முதலில் பிடித்தவர்தான் புள்ளியை நகர்த்தி வைக்கணும் என்று சொன்னேன் இல்லையா? செவ்வாய்க்கிழமை முதலில் பிடித்தது அக்கா. அவள் கையால்தான் வைத்திருப்பாள். இட்லித் தட்டுக்கு அடுத்தது என் குச்சி, அதைத் தாண்டினால் கத்தரிக்கோல்.

புள்ளி எதற்கு மேலே இருக்கிறது? நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க. எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.